மாசியில் போட்ட கொடி அவரை ஏன் பூக்கவில்லை?

மதுரையிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "மாசி மாதம் மாடித் தோட்டத்தில் கொடி அவரை போட்டேன். இப்போது ஆனி. பந்தல் முழுக்க இலைதான், ஒரு பூகூட இல்லை. விதை சரியில்லையா? வேறு எந்த ரகம் வாங்கலாம்?"

விதைமேல் குறை சொல்ல வேண்டாம் சகோதரி. பட்டம், அதாவது விதைக்கும் பருவம்தான் தப்பியிருக்கிறது. நம் நாட்டுக் கொடி அவரை, பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் பூ எடுக்கும். மதுரையில் ஜூன் மாதப் பகல் சுமார் 12¾ மணி நேரம், டிசம்பரில் சுமார் 11½ மணி நேரம். நமக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் கொடி அதை வைத்துத்தான் பூக்கிறது. பொங்கல் நேரத்தில் சந்தையில் பச்சை மொச்சை வந்து குவிகிறதே, அதுவும் அவரை இனம்தான், அதே கணக்குதான். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று பெரியவர்கள் சொன்னது அவரைக்கு அப்படியே பொருந்தும். ஆடியில் போட்டால் ஐப்பசி, கார்த்திகையில் பூத்து, தை, மாசி வரை காய் பறிக்கலாம்.

அதனால் ரகத்தைப் பார்ப்பதற்கு முன்னால், எந்த மாதம் விதைக்கப் போகிறோம் என்று பாருங்கள். ஆடி என்றால் தாராளமாக நாட்டு ரகம் போடலாம். பட்டை அவரை, ஊதா அவரை, அகலமாகக் காய்க்கும் யானைக்காது அவரை, எல்லாம் நன்றாக வரும். சிறகு அவரைக்கும் இதே பட்டம்தான். அதைப் பிஞ்சிலேயே பறித்துவிட வேண்டும், விட்டால் நாராகிவிடும்.

தை, மாசியில் விதைக்க ஆசைப்பட்டால் கொடி அவரையை விட்டுவிட்டு, கொடிக் காராமணி போடுங்கள். வெயிலைத் தாங்கும், இரண்டு மாதத்துக்குள் காய் வந்துவிடும். அவரைதான் வேண்டும் என்றால் கோ 14 ரகம் மாதிரி, கொடி ஓடாத குத்து அவரை இருக்கிறது. அது பகல் நீளத்தைப் பார்க்காது, பந்தலும் வேண்டாம். ஆனால் ஒரு கொடியில் மாதக்கணக்கில் பறிக்கிற அளவு அதில் கிடைக்காது.

கொடி பீன்ஸ் பற்றியும் நிறையப் பேர் கேட்கிறீர்கள். கொடைக்கானல், ஊட்டிக்காரர்களுக்கு அது அருமையான பயிர். சமவெளியில் கார்த்திகை, மார்கழிக் குளிரில் மட்டும் முயற்சி செய்யுங்கள். வெயில் ஏறினால் பூ உதிர்ந்துவிடும். அப்புறம், மூக்குத்தி அவரை என்று விதை விற்கிறார்களே, அது பேரில்தான் அவரை. உண்மையில் சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கொடியின் குடும்பம். தம்பட்டை அவரையைப் பிஞ்சாக மட்டும் சமையுங்கள். முற்றிய விதையில் நச்சுத்தன்மை உண்டு.

சரி, சகோதரியின் கொடிக்கு வருவோம். பிடுங்க வேண்டாம். அவரை ஒரு வருடத்துக்கு மேலும் நிற்கக்கூடிய கொடி. ஆடி பிறந்ததும் நுனிகளை வெட்டிவிட்டுப் பக்கக் கிளை விடவையுங்கள். சாணத் தண்ணீர், யூரியா எதுவும் இப்போது வேண்டாம், இலைதான் இன்னும் கூடும். இரவெல்லாம் தெருவிளக்கு வெளிச்சம் நேராகப் பந்தலில் விழுகிறதா என்று பாருங்கள், விழுந்தால் மறைப்புக் கட்டுங்கள். இருட்டு முழுதாகக் கிடைத்தால்தான் பூக்கும். ஐப்பசியில் பூங்கொத்து வந்ததும் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி கூடவே வரும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலத்தில் கொத்துக்கு அடியில் படும்படி அடியுங்கள்.