குதிகாலுக்குத் தைலம் போடுறத நிறுத்துங்க லா!

வணக்கம் மக்களே. காத்து அடிக்குது, கேமரா ஆடும், பொறுத்துக்குங்க. கோலாலம்பூர் செந்தூல்ல ஒரு பாடாங், அதான் பந்துத் திடல், அதோட ஓரம் நிக்குறேன், செம கடுப்புல. இப்பத்தான் பன்னெண்டு வயசுப் பசங்க மேட்ச் முடிஞ்சுது. ஒருத்தன் நுனிக்கால்ல நொண்டுறான். ஓரத்துலேர்ந்து என்ன வருது? கோடாலித் தைலம்! தேய்ச்சு விட்டு “போ, ஓடு”ங்கிறாங்க.

8-லேர்ந்து 14 வயசுக்குள்ள, ஓடினா குதிகால் வலிக்குதுன்னா முதல்ல செவர்ஸ்ங்கிற, வளர்ற பசங்களுக்கு வர்ற குதிவலியைத்தான் நினைக்கணும். குதி எலும்போட பின்பக்கம் வளர்ற இடம் இன்னும் குருத்தெலும்பா இருக்கும். பையன் கிடுகிடுன்னு வளர்றப்ப எலும்பு நீளுது, கெண்டைச்சதை அந்த வேகத்துக்கு நீள்றதில்ல. ஒவ்வொரு அடிக்கும் அந்த இடத்தப் பிடிச்சு இழுக்குது. தைலம் அங்க என்னத்தக் கிழிக்கும்? குதியோட ரெண்டு பக்கத்தையும் சேர்த்து அமுக்குங்க. துள்ளினான்னா அனேகமா அதுதான்.

காற்பந்து பூட்ஸ்ல குதிப்பக்கம் உயரமே இல்ல, அதனால இழுப்பு கூடும். உள்ள குதிக்கு அடியில ஹீல் பேட்னு ஒரு சின்ன மெத்தை வைங்க. இப்ப விலைக்கு வரேன். ஒரு கடையில ஜோடி 59 வெள்ளி! டப்பாவுல பந்து படம் இருக்கு, அதுக்குத்தான் காசு. அடுத்த தெரு மருந்துக்கடையில 14 வெள்ளி 90 காசு, அதே சிலிக்கான், அதே தடிமன். 44 வெள்ளிக்கு ஒரு படம்! குடும்பத்தோட வாழையிலைச் சாப்பாடே முடிஞ்சிருக்கும்.

சரி, விளையாட்ட நிறுத்தணுமா? பெரும்பாலும் வேணாம், குறைக்கணும். மறுநாள் காலையில நொண்டினா முந்தினநாள் கூடிப்போச்சுன்னு அர்த்தம்.

முட்டிச் சில்லுக்குக் கீழ புடைச்சு வலிச்சா ஆஸ்குட்-ஷ்லாட்டர். இடம்தான் வேற, கதை ஒண்ணு.

பெரிய பசங்களுக்குப் பின்தொடைச் சதைதான் பிரச்சனை. முழு வேகத்துல ஓடுறப்ப, கால் தரையில படுறதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அனேகமா பிடிக்கும். அது வராம இருக்க நார்டிக்னு ஒரு பயிற்சி இருக்கு. மண்டி போடுங்க, ஒருத்தர் கணுக்காலப் பிடிக்கணும், முட்டிலேர்ந்து தலை வரைக்கும் பலகை மாதிரி வச்சு மெதுவா முன்னாடி சாயணும். ஆரம்பத்துல 3-லேர்ந்து 5 தடவை போதும். முதல் நாளே 15 போட்டுட்டு, ரெண்டு நாள் வலி தாங்காம அதோட விட்டுடுறீங்க. அதான் தப்பு.

இப்ப சீனியர் அண்ணன்மாரே, 35 தாண்டினவங்களே. அதே குதிகால், ஆனா ஆபத்தே வேற. ‘டப்’புன்னு சத்தம், பின்னாலேர்ந்து யாரோ உதைச்ச மாதிரி இருக்கும், திரும்பினா ஆளே இருக்காது. கெண்டைச்சதையக் குதி எலும்போட சேர்க்கிற தசைநாண், அதான் அக்கிலீஸ், அறுந்திருக்கலாம். குப்புறப் படுத்து, பாதத்தக் கட்டில் விளிம்புக்கு வெளிய தொங்கவிட்டு, கெண்டைச்சதைய அமுக்கச் சொல்லுங்க. பாதம் அசையலையா, அன்னிக்கே ஆஸ்பத்திரி. நடக்க முடியுதேன்னு ஏமாறாதீங்க, அறுந்தாலும் சிலரால நடக்க முடியும். அதனாலதான் சுளுக்குன்னு வாரக்கணக்கா உருவிக்கிட்டே இருக்காங்க.

ஐயோ, ஹீல் பேட்ல ஒண்ணு விட்டுட்டேன்! ஒரு கால்தான் வலிச்சாலும் ரெண்டு பூட்ஸ்லயும் வைங்க. ஒரு சென்டிமீட்டருக்கு மேல வேணாம், குதி கழண்டு வெளிய வந்துடும். உள்அட்டைக்கு அடியில வைங்க, மேல வச்சா ஈரக் காலுறையில வழுக்கிக்கிட்டே இருக்கும்.