ஆறு எழுத்தும் இரண்டு ரூட்டரும்

வணக்கம் நேயர்களே. மூன்று நான்கு பேர் மட்டும் சேர்ந்து செய்யும் சின்னக் கணினி விளையாட்டுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நானும் அப்படி ஒன்றில் வேலை பார்த்தவன்தான். படம், இசை, கதையெல்லாம் எப்படியோ வந்துவிட்டன. எங்களைத் தூங்கவிடாமல் செய்தது ஒரே கேள்வி: இந்த வீட்டில் இருப்பவரும் அந்த வீட்டில் இருப்பவரும் ஒரே ஆட்டத்துக்குள் வருவது எப்படி?

பெரிய நிறுவனங்கள் ஆட்டத்துக்கென்றே சர்வர்களை, அதாவது எல்லோரும் வந்து இணையும் பொதுக் கணினிகளை, ஓடவிடும். சின்னக் குழுவுக்கு மாதாமாதம் அந்த வாடகை கட்டுவது கஷ்டம். அதனால் ஆடுபவர்களில் ஒருவருடைய கணினியே ஹோஸ்ட் ஆகும், மற்றவர்கள் அதில் வந்து சேர்வார்கள். சரி, சேரட்டுமே என்றால் வீட்டை இணையத்தோடு இணைக்கும் ரூட்டர் குறுக்கே நிற்கிறது. இணையத்தில் கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் பழைய ஐபி முறையில் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான். அவை போதாததால், வீட்டில் உள்ள எல்லாக் கருவிகளும் வெளியே ஒரே முகவரியைக் காட்டுகின்றன. உள்ளிருந்து கேட்டதற்கு வரும் பதிலை ரூட்டர் உள்ளே விடும். கேட்காமல் வருவதைப் பெரும்பாலும் தள்ளிவிடும்.

இதைத் தாண்ட ஹோல் பஞ்சிங் என்று ஓர் அழகான வழி இருக்கிறது. இருவரும் முதலில் பொதுவான ஒரு சின்ன சர்வரிடம் போகிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் யாருக்கு என்ன முகவரி, என்ன போர்ட் எண் (அந்த முகவரியில் எந்த வாசல் என்று சொல்லும் எண்) என்று அதற்குத் தெரியும். இவருடையதை அவரிடமும் அவருடையதை இவரிடமும் சொல்லிவிட்டு அது ஒதுங்கிக்கொள்ளும். உடனே இருவரும் ஒருவருக்கொருவர் பாக்கெட், அதாவது சின்னத் தகவல் துண்டு, அனுப்புகிறார்கள். முதலில் போவது தொலைந்துபோனாலும் பரவாயில்லை, அது வெளியே போன தடம் சொந்த ரூட்டரில் பதிந்துவிடும். அப்புறம் எதிரிலிருந்து வருவதை, நம் ஆள் கேட்டதற்கான பதில் என்று எண்ணி ரூட்டர் வழிவிடுகிறது. இன்னொரு வீட்டிலிருந்து ஒரு பொம்மை மனிதன் என் திரைக்குள் முதன்முதலாக நடந்து வந்தபோது நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

சில ரூட்டர்கள் ஒவ்வொரு இணைப்புக்கும் புதுப் போர்ட் எண் கொடுக்கும். அங்கே இது பெரும்பாலும் பலிக்காது, எல்லாத் தகவலும் நடுவில் ஒரு ரிலே சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். விளையாட்டுகளை விற்கும் இணையக் கடையான ஸ்டீம் தன் வழியாக ரிலே செய்துகொடுப்பது பெரிய உதவிதான். ஆனால் அதை மட்டும் நம்பிச் செய்த ஆட்டத்தில், வேறு கடையில் வாங்கிய நண்பர் வெளியே நின்றுவிடுவார். அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆடுபவருக்கு இதெல்லாம் தெரிய வேண்டியதில்லை. 2018இல் வெளிவந்த 'அமாங் அஸ்' என்ற விளையாட்டு 2020இல்தான் உலகமெங்கும் பரவியது. அதில் நண்பரைக் கூப்பிட, அறைக்கான ஆறு எழுத்துகளைப் போனில் சொன்னால் போதும். எழுதப் படிக்கப் பழகும் குழந்தைகூடத் தட்டிவிடும்.

எங்கள் ஆட்டத்திலும் அப்படியொரு அறைக்குறி உண்டு. கூடவே, ஐபி முகவரியை நேரடியாகத் தட்டிச் சேர ஒரு கட்டத்தையும் விட்டுவைத்திருக்கிறோம். அதைத் தொடுபவர்கள் குறைவு. ஆனால் நாளை எங்கள் சர்வர் நின்றுபோனாலும், ரூட்டரில் போர்ட்டைத் திறக்கத் தெரிந்த ஒருவர் ஹோஸ்ட் ஆனால் அவர்கள் ஆடிக்கொண்டிருக்கலாம்.

நன்றி, வணக்கம்.