நோவா எத்தனை ஜோடி ஏற்றினார்?

நண்பர்களே, வீட்டில் பழைய தமிழ் பைபிள் இருந்தால், இன்று ராத்திரி அதன் முதல் புத்தகமான ஆதியாகமத்தில் 6 முதல் 8 வரையிலான அதிகாரங்களை, அதாவது நோவா பேழை என்ற பெரிய கப்பலில் உயிர்களை ஏற்றி வெள்ளத்தில் காப்பாற்றிய கதையை, பென்சிலோடு வாசியுங்கள். எபிரேயம் தெரிய வேண்டாம். ‘தேவன்’ வரும் இடத்தில் ஒரு கோடு, ‘கர்த்தர்’ வரும் இடத்தில் இரண்டு கோடு போடுங்கள். எபிரேய மூலத்தில் கடவுளைக் குறிக்கும் சொற்கள் இரண்டு: எலோஹிம் என்பதைத் தேவன் என்றும், யாவே என்பதைக் கர்த்தர் என்றும் நம் மொழிபெயர்ப்பாளர்கள் பிரித்தே வைத்திருக்கிறார்கள்.

இதே வேலையைச் செய்தவர்தான் ழான் அஸ்த்ருக். பிரெஞ்சு மன்னர் பதினைந்தாம் லூயியின் வைத்தியர். 1753இல் பெயர் போடாமல் ஒரு புத்தகம் வெளியிட்டார். பைபிளின் முதல் ஐந்து புத்தகங்களை எழுதியவர் மோசே என்பது மரபு. அதை மறுப்பது அவர் நோக்கமே இல்லை. மோசே தம் கையிலிருந்த பழைய ஏடுகளைச் சேர்த்து எழுதினார் என்று காட்டி, அவரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் அவர் இழுத்த நூல் நிற்கவில்லை. அந்த ஐந்தில் கடைசியான உபாகமத்தில், மோசேயின் சாவைச் சொல்லும் கடைசி எட்டு வசனங்களை அவருக்குப் பின் வந்த தலைவர் யோசுவா எழுதியிருக்கலாம் என்று யூதர்களின் பழைய நூலான தல்மூதிலேயே ஒரு கருத்து உண்டு. சந்தேகம் ஒன்றும் புதிதல்ல.

சரி, பேழைக்கு வருவோம். 6ஆம் அதிகாரத்தில் தேவன் எல்லா உயிரிலும் ஒவ்வொரு ஜோடி ஏற்றச் சொல்கிறார். அடுத்த அதிகாரத்தில் கர்த்தர் சுத்தமான மிருகங்களில் ஏழேழு ஜோடி கேட்கிறார். ஓரிடத்தில் 40 நாள் வெள்ளம். இன்னோரிடத்தில் தண்ணீர் 150 நாள். 7:16ஐப் பாருங்கள்: மிருகங்கள் தேவன் கட்டளைப்படி நுழைகின்றன, கதவை அடைப்பவர் கர்த்தர். ஒட்டுத் தையல் ஒரே வசனத்துக்குள் தெரிகிறது.

1878இல் ஜெர்மானிய பைபிள் ஆய்வாளர் வெல்ஹவுசன் இதையெல்லாம் நான்கு மூலங்களாக அடுக்கினார்: யாவே, எலோஹிம், உபாகமம், ஆசாரியர். 1970களிலிருந்து அந்த அடுக்கு நன்றாகவே ஆட்டம் கண்டிருக்கிறது. எலோஹிம் மூலம் தனியாக இருந்ததா என்றே பலர் கேட்கிறார்கள். ஆசாரியர் பகுதியைப் பிரித்தெடுப்பதில் மட்டும் பெரும்பாலோர் இன்றும் ஒத்துப்போகிறார்கள்.

அந்த ஏழு ஜோடி எதற்கு? வெள்ளம் வடிந்ததும் நோவா பலி செலுத்துகிறார். ஒரு ஜோடிதான் இருந்திருந்தால், அன்றைக்கே அந்த இனம் அழிந்திருக்கும்! 6ஆம் அதிகாரத்தின் ஒரு ஜோடிக் கணக்கு ஆசாரியர் மூலத்துடையது; கடவுளை அதுவும் அங்கே ‘தேவன்’ என்றே சொல்கிறது. அதற்கு இந்தச் சிக்கலே இல்லை. அதன் கணக்கில், மோசேயின் அண்ணன் ஆரோன் ஆசாரியராகும்வரை யாரும் பலியிடுவதில்லை. அங்கே ஒரு ஜோடியே போதும்.