குணமதியார் பெயருக்குப் பக்கத்தில்

விழாத் தலைவர் அவர்களே, ஊராட்சியிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, நூலகர் அம்மா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் கருப்பணசாமி கோவில் பூசாரி ஐயா அவர்களே, ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பந்தல் போட்ட தம்பிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

நம் கீழக்குயில்குடி சமணர் மலையைப் பற்றி மூன்று விஷயம் பேச வந்தேன்: வரலாறு, தத்துவம், வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் பாறையில் இருக்கும் ஒரு வரி.

"கல்லைக் கண்டால் நாயைக் காணோம், நாயைக் கண்டால் கல்லைக் காணோம்" என்பார்கள். நாய்ச் சிலையைக் கல்லாகப் பார்த்தால் நாய் மறைந்துவிடும், நாயாகப் பார்த்தால் கல் மறைந்துவிடும். சமணர்கள் சொன்ன அநேகாந்தவாதமும் இதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒரு பொருளுக்குப் பல பக்கம் உண்டு, எந்த ஒருவர் பார்வையிலும் அது முழுசாக அடங்காது. நம் மலையில் செட்டிப்புடவு என்ற குகையில் இருக்கும் மகாவீரரை நம் ஊரார் நீளக் காதைப் பார்த்துச் செட்டியார் என்றார்கள். அதுவும் ஒரு பக்கம்தான், அந்தப் பெயர்தான் இத்தனை காலம் அவரைக் காப்பாற்றியது என்று நான் நினைக்கிறேன்.

சரி, அதே மலையில் மேலே இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்கு வருவோம். அங்கே பாறையில் வரிசையாக எட்டுச் சமணச் சிற்பங்கள், 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. ஒருநாள் காலையில் போனபோது கல்லூரிப் பையன் ஒருவன் சாவியால் பாறையில் தன் பெயரையும் ஒரு பெண்ணின் பெயரையும் கீறிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள், ஆடு மேய்க்க வந்த ஆத்தா ஒருவர் என்னிடம், "ஐயா, அந்தப் பழைய எழுத்துல என்னதான் போட்டிருக்கு?" என்று கேட்டார். "அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி" என்று வாசித்துக் காட்டினேன். மகன் துறவியாகப் போய்விட்டான், தாய் சிலை செய்து வைத்திருக்கிறாள் என்றேன். ஆத்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பையனைப் பார்த்து, "ஏப்பா, இங்க ஒரு அம்மா பேரு ஆயிரம் வருசமா இருக்கு, நீ ஒன் அம்மா பேர எழுதினியா?" என்றார். அவன் எச்சிலைத் தொட்டு அழிக்கப் பார்த்தான், சட்டையால் தேய்த்தான். பாறையில் வெள்ளைக் கீறல் இன்னும் வெளுப்பாகத் தெரிந்ததே தவிர, போகவில்லை. இன்றும் அது அங்கேயே இருக்கிறது, வந்து பாருங்கள்.

வரலாறு என்று பார்த்தால், 1882இல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி மதுரைப் பக்கத்து மாங்குளத்தில் கண்ட சமணக் கல்வெட்டு, பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைச் சொல்கிறது. அந்த எழுத்துக்கு இரண்டாயிரம் வருசத்துக்கு மேல் வயது. இதே போல் சமணர் தடயம் இருக்கும் மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியில் டங்ஸ்டன் என்ற உலோகத்துக்குச் சுரங்கம் தோண்ட ஏலம் விட்டபோதும் கல்லைக் கண்டவர்களுக்கு நாய் தெரியவில்லை. ஊரே திரண்டு நின்றது, 2025 ஜனவரியில் ஏலத்தை ரத்து செய்தார்கள். சுரங்கத்தைத் தடுத்த நாம் ஒரு சாவியைத் தடுக்க முடியாதா?

அதனால்தான் கேட்கிறேன், ஞாயிற்றுக்கிழமைதோறும் வீட்டுக்கு ஒருவர் மலையில் இருக்க வேண்டும். யாரையும் திட்ட வேண்டாம், அடிக்க வேண்டாம். வருகிறவர்களை அழைத்துப்போய் அந்த ஒரு வரியை வாசித்துக் காட்டினால் போதும். வரும் ஞாயிறு காலை 6 மணிக்குத் தாமரைக் குளத்தருகே ஆலமரத்தடியில் நிற்பேன். தண்ணீர் கொண்டுவாருங்கள், வெயில் ஏறிப் பாறை சுடுவதற்குள் மேலே போய்விடலாம்.