நானோ நேகலின் விளக்கும் மேல்மலை பஸ்ஸும்

விழாத் தலைவர் அவர்களே, பங்குத்தந்தை அவர்களே, நகர்மன்ற உறுப்பினர்களே, கம்பளியோடு முன்வரிசையை நிறைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியப் பெருமக்களே, கொடைக்கானல் பிரசென்டேஷன் கான்வென்டில் படித்து, இன்று பேரப்பிள்ளைகளோடு வந்திருக்கும் அம்மாமார்களே, மைக்செட் தம்பியே, வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். அயர்லாந்தின் கார்க் நகரில் உள்ள நானோ நேகல் அருங்காட்சியகம், அவர் தொடங்கிய பிரசென்டேஷன் கன்னியர் சபை இந்தியா வந்த கதை, நம் மலைக்கு அவர்கள் செய்தது.

'நடந்தால் நாடெல்லாம் உறவு, படுத்தால் பாயும் பகை' என்பார்கள். நடந்தே உறவு சேர்த்தவர் 1718-இல் பிறந்த நானோ நேகல். கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதைச் சட்டம் தடுத்த காலம் அது. வீட்டுக்கே தெரியாமல் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கிவிட்டார்.

ஒருநாள் ஓர் ஏழை மனிதர் அவருடைய தம்பியிடம் வந்து, "ஐயா, உங்கள் அக்காவிடம் சொல்லி என் பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்" என்றார். தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அக்கா, நீ டீச்சராம்! அந்த ஆளுக்கு மூளை கலங்கிவிட்டது" என்று உள்ளே வந்து சொன்னார். "ஆமாம், பள்ளி வைத்திருக்கிறேன்" என்றார் அக்கா. அப்புறம் பாருங்கள், வீட்டில் இடிமுழக்கம்! என்ன ஆபத்து வருமோ என்று தம்பி குதியாய்க் குதித்தார். பிறகு ஆறி, அவரும் ஆதரவாக நின்றார். நானோவே இதைக் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சிபாரிசுக்கு வந்தவரால் குட்டு உடைந்தது. நம் ஊர் அட்மிஷன் சீசனேதான்!

பள்ளிகள் ஏழாயின. இரவில் விளக்கும் கையுமாகச் சந்து சந்தாகப் போய் நோயாளிகளைப் பார்ப்பார். அந்த விளக்குதான் இன்றும் சபையின் அடையாளம். 1775-இல் சபையைத் தொடங்கி, 1784-இல் மறைந்தார். டக்ளஸ் தெருவில் அவருடைய பழைய மடமே இன்று அருங்காட்சியகம், கல்லறையும் அங்கேயே. 1842-இல் சகோதரிகள் மெட்ராஸ் வந்தார்கள். ஜெயலலிதா படித்த சர்ச் பார்க் பள்ளி அவர்களுடையதுதான். இரண்டாவது விஷயம் சரி, முடிந்தது.

நானோவுக்கு விளக்கு இருந்தது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து, நம் ஊர் மூஞ்சிக்கல்லில் பஸ்ஸுக்கு நிற்கும் மேல்மலைக் கிராமத்துப் பிள்ளைக்கு? செல்போன் டார்ச்சும், அடுத்த வளைவில் காட்டுமாடு நிற்குமோ என்ற பயமும்தான். நடந்தால் நாடெல்லாம் உறவு என்றேன். பத்தாவது படிக்கும் பெண் பிள்ளை இருட்டில் நடந்துதான் உறவு தேட வேண்டுமா? ஏழு மணிக்கு ஒரு பஸ் விடுங்கள் என்று மனு கொடுத்தால், 'பரிசீலனையில் உள்ளது' என்று பதில் வருகிறது.

மூன்றாவது விஷயத்தை அடுத்த கூட்டத்தில் வைத்துக்கொள்வோம். புது மனு வாசல் மேசையில் இருக்கிறது. கையெழுத்து போட்டவர்களுக்குத்தான் சுண்டல் என்று சொல்லியிருக்கிறேன். தலைவர் முறைக்கிறார், வணக்கம்.