அக்கக்காகக் கிடக்கும் நொதி

நேயர்களுக்கு வணக்கம். கிருமியை அழிக்க நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணு பயன்படுத்துவது என்ஏடிபிஎச் ஆக்சிடேஸ் என்ற நொதி. சும்மா இருக்கும் அணுவில் இந்த நொதி முழுசாக இருக்காது, அக்கக்காகக் கிடக்கும். இரண்டு புரதங்கள் சவ்வில் பதிந்திருக்கும், மற்றவை அணுவுக்குள் மிதக்கும். முழுசாக இருந்தால் நம் திசுவையே அரித்துவிடும்.

இந்தத் துண்டுகளை ஒன்றாகப் பூட்டச் சொல்லும் சைகை கிருமியிடமிருந்தே வருகிறது. பாக்டீரியா தன் புரதங்களை ஃபார்மைல் மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்குகிறது. நம் உயிரணுவில் மைட்டோகாண்ட்ரியா மட்டுமே அப்படிச் செய்யும். உயிரணு நசுங்கினால் அந்தத் துணுக்குகள் வெளியே சிந்தும். அதனால்தான் கிருமியே இல்லாத நசுங்கிய காயத்துக்கும் நியூட்ரோஃபில் ஓடி வருகிறது.

ஃபார்மைல் துணுக்கு வெளிச்சவ்விலுள்ள ஏற்பியில் ஒட்டியதும், உட்பக்கத்து ஜி புரதம் ஃபாஸ்ஃபோலிப்பேஸ் சி நொதியைத் தூண்டும். அது சவ்வுக் கொழுப்பு ஒன்றை இரண்டாக வெட்டும். ஒரு பாதி உள்ளே போய்க் கால்சியம் சேமிப்பைத் திறந்துவிட, அணுவுக்குள் கால்சியம் சில விநாடிகளில் ஏறக்குறைய பத்து மடங்காகும். டைஅசைல்கிளிசரால் என்ற மறுபாதி சவ்விலேயே நிற்கும். இந்த இரண்டும் சேர்ந்து புரத கைனேஸ் சியை எழுப்புகின்றன.

இனிதான் முக்கியமான இடம். பி47 என்ற புரதம் தன் வாலை மடக்கித் தன் ஒட்டுமுனையைத் தானே மூடிக்கொண்டிருக்கும். கைனேஸ் அந்த வாலிலுள்ள செரின் என்ற அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டுகளை ஏற்றியதும் மடிப்பு விரியும். பி47 தன் கூட்டாளிகளை இழுத்துக்கொண்டு சவ்வுக்குப் போகும். ராக் என்ற புரதம் தனி வழியில் வந்து சேரும். நொதி முழுமையாகி, ஆக்சிஜனுக்கு எலக்ட்ரானைக் கொடுத்து, கிருமியை அழிக்க உதவும் சூப்பராக்சைடு ஆக்கும்.

இதில் ஓர் உறுப்பு பிறவியிலேயே பழுதானால் நாள்பட்ட கிரானுலோமா நோய் வரும். அதைக் கண்டறிய, இரத்த மாதிரியில் டைஹைட்ரோரோடமின் சாயமும் பிஎம்ஏ என்ற வேதிப்பொருளும் சேர்ப்பார்கள். பிஎம்ஏ டைஅசைல்கிளிசரால் போல நடித்து, ஏற்பியைத் தாண்டிக் கைனேஸை நேரே தூண்டும். நொதி வேலை செய்தால் சாயம் ஒளிரும். ஒளிராவிட்டால் உடனே நோய் என்று எழுதிவிடக் கூடாது. நியூட்ரோஃபில் சீக்கிரம் சாகும் அணு, மாதிரி பழசாகியிருக்கலாம். அதற்காகவே நலமான ஒருவரின் இரத்தத்தையும் அதே நேரத்தில் எடுத்து, அதே பெட்டியில் அனுப்ப வேண்டும். அது நன்றாக ஒளிர்ந்தும் நோயாளியின் மாதிரி மங்கலாக இருந்தால், நியூட்ரோஃபிலிலுள்ள மைலோபெராக்சிடேஸ் என்ற வேறொரு நொதியின் குறைபாடு உண்டா என்றும் பார்க்க வேண்டும். அந்த நொதி இல்லாவிட்டாலும் இந்தச் சாயம் சரியாக ஒளிராது.