தோற்ற அன்றைக்கு மட்டும் வருகிறவர்கள்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, இவ்வளவு நேரம் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை ஊடக விமர்சனம் திருத்துகிறதா, நோகடிக்கிறதா?" இதுதான் தலைப்பு. நோகடிக்கிறது என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் நம் இந்தியக் கால்பந்து அணியையே எடுத்துக்கொண்டார். 2025 நவம்பர் 18-இல் டாக்காவில் வங்கதேசத்திடம் 1-0 என்று தோற்றதைச் சொன்னார். அவர்களிடம் நாம் தோற்று 22 வருஷம் ஆகியிருந்தது, உண்மைதான். சொல்லிவிட்டு, "140 கோடிப் பேரில் நல்ல ஆட்டக்காரர்கள் பதினோரு பேர் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள். தோற்ற அன்று இரவு நான் பார்த்த டிவி விவாதத்திலும் இதே கேள்விதான்.

ஐயா, அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது. கேட்டவர்கள் பதிலுக்காக நிற்கவே இல்லை. என் வயிற்றெரிச்சல் அதுதான்.

அந்த வருஷம் என்ன நடந்தது? வழக்கமாகச் செப்டம்பரில் தொடங்கும் ஐ.எஸ்.எல்., அதாவது நம் கிளப்புகள் மோதும் இந்தியன் சூப்பர் லீக், தொடங்கவே இல்லை. இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் லீகை நடத்திய நிறுவனத்துக்கும் இருந்த ஒப்பந்தம் டிசம்பரோடு முடிய இருந்தது, புதுப்பிக்கவில்லை. ஜூலையிலேயே லீகை நிறுத்தி வைத்துவிட்டார்கள். சில கிளப்புகள் பயிற்சியை நிறுத்தின, சில கிளப்புகள் சம்பளத்தை நிறுத்தின. வாராவாரம் மேட்ச் ஆடிப் பழகிய ஒருவனிடம் "இந்த வருஷம் லீக் உண்டா இல்லையா தெரியாது, ஆனால் போய் நாட்டுக்காக ஜெயித்துவிட்டு வா" என்றோம். லீக் ஒருவழியாகத் தொடங்கியது 2026 பிப்ரவரியில், அதுவும் சுருக்கிய வடிவத்தில். டாக்காவில் தோற்ற இரவு விவாதத்தில் உட்கார்ந்திருந்த நான்கு பேரில் ஒருவர்கூட இதைச் சொல்லவில்லை. வீரர்களுக்கு வெறி இல்லை என்றார்கள், பாசம் இல்லை என்றார்கள். சம்பளம் வராமல் நாட்டுச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து இதைச் சொல்ல எப்படி மனசு வந்தது?

எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் கரீபியன் கடலில் இருக்கிற குராசோவைச் சொன்னார். நாம் டாக்காவில் தோற்ற அதே நாளில், ஒன்றரை லட்சம் பேர் மட்டுமே வாழும் அந்தத் தீவு உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அழகான சாதனை, நானும் சந்தோஷப்பட்டேன். ஆனால் அந்த அணியில் பெரும்பாலானவர்கள் நெதர்லாந்தில் பிறந்து அங்கே உள்ள கிளப்புகளில் சிறுவயதிலிருந்து வளர்ந்தவர்கள். நம் சட்டம் இரட்டைக் குடியுரிமையை அனுமதிப்பதில்லை. வெளிநாட்டில் ஆடும் இந்திய வம்சாவளிப் பையன் நமக்கு ஆட வேண்டுமென்றால் அந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வர வேண்டும். குராசோவையும் நம்மையும் ஒப்பிட்டால் இதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்?

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. ஞாயிற்றுக்கிழமை காலையில் சின்னப் பையன்களுக்குப் பந்து சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு ராத்திரியை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

2024 ஜூன் 11, தோஹா. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. எதிரில் ஆசியச் சாம்பியன் கத்தார். நம் கேப்டன் சுனில் சேத்ரி ஓய்வு பெற்று ஐந்தே நாள் ஆகியிருந்தது. 37-வது நிமிஷத்தில் நம் சாங்டே கோல் அடித்தார், 1-0. ஜெயித்தால் முதல்முறையாக மூன்றாம் சுற்று. எங்கள் வீட்டில் அப்பா நாற்காலியில் உட்காரவே இல்லை. 73-வது நிமிஷம். கத்தார்க்காரர் தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் விழுந்து தடுக்கிறார். பந்து அவரைத் தாண்டி உருண்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைக் கடந்து வெளியே போகிறது. அங்கிருந்து ஒருவர் காலால் உள்ளே இழுக்கிறார், இன்னொருவர் வலைக்குள் தள்ளுகிறார். ரெஃப்ரீ கோல் என்கிறார். வீடியோவைத் திருப்பிப் பார்க்கிற வசதி அந்த மேட்ச்சில் இல்லை. நம் ஆட்கள் ரெஃப்ரீயைச் சூழ்ந்துகொண்டு கோட்டைக் காட்டிக் காட்டிக் கத்துகிறார்கள். அப்பா டிவிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணாடியிலேயே விரலை வைத்து, "இங்கே வெளியே போச்சுடா, இங்கே!" என்கிறார். கடைசியில் 2-1 தோல்வி.

மறுநாள் காலை ஒரு சேனலில் செய்தி: இந்தியா மறுபடியும் சொதப்பல். பந்து வெளியே போனதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஞாயிற்றுக்கிழமை எட்டாவது படிக்கும் பையன் ஒருவன் கேட்டான், "அண்ணா, பந்து வெளியேதானே போச்சு? அப்புறம் ஏன்ணா நம்மளையே திட்டுறாங்க?" இன்னைக்கு வரைக்கும் அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை.

நாங்களும் திட்டுகிறவர்கள்தான், நடுவர் அவர்களே. 2024 மார்ச்சில் குவாஹாட்டியில், சேத்ரியின் 150-வது மேட்ச்சில், அவர் ஒரு கோல் போட்டும் ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோற்றார்கள். அன்றைக்கு நான் டிவியைப் பார்த்துக் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டில் எழுந்துவிட்டார்கள். ஆனால் தொண்ணூறு நிமிஷமும் பார்த்துவிட்டுக் கத்தினேன். அடுத்த மேட்ச்சுக்கும் அதே இடத்தில் உட்கார்ந்தேன்.

விமர்சிக்க விஷயமா இல்லை? அதே வருஷம் ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று மேட்ச் ஆடி ஒரு கோல்கூட அடிக்கவில்லை. அதற்கு ஒரு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. நம் கிளப்புகளில் பெரும்பாலும் கோல் அடிக்கிற இடத்தில் நிற்பவர் வெளிநாட்டுக்காரர். இந்தியப் பையன் ஓரத்தில் ஓடிப் பந்தை அவருக்குக் கொடுக்கிறான். வருஷம் முழுக்க கோலுக்கு முன்னால் நிற்காதவனை நாட்டு அணியில் திடீரென்று நடுவில் நிறுத்தினால் எப்படி அடிப்பான்? இதை எழுதுங்கள். 2023 ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு நம் அணி ஹாங்சோ போய்ச் சேர்ந்தது முதல் மேட்ச்சுக்கு முந்தைய நாள். களைப்பு தீராமல் சீனாவோடு இறங்கி 5-1 என்று தோற்றார்கள். பயணத்தை அப்படி ஏற்பாடு செய்தது யார் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் அதற்குப் பெயர் விமர்சனம், முதல் ஆளாக நான் கைதட்டுவேன். அலுவலகத்தில் நடந்த தப்புக்கு ஆட்டக்காரனின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டி, அவன் தலை குனிந்து நடப்பதை மெதுவாக ஓடவிட்டுத் திரும்பத் திரும்பப் போடுவதைத்தான் நோகடிப்பது என்கிறேன்.

ஜெயித்த நாளில் இவர்கள் எங்கே? 2025 செப்டம்பரில் தஜிகிஸ்தானில் நடந்த மத்திய ஆசிய நாடுகள் கோப்பையில், நம்மைவிடத் தரவரிசையில் எவ்வளவோ மேலே இருக்கிற ஓமானைப் பெனால்டியில் தோற்கடித்து மூன்றாம் இடம் பிடித்தோம். கடைசி உதையைத் தடுத்தது அதே குர்ப்ரீத். அதற்கு இரண்டு மாதம் முன்னால், ஜூலை 5-இல், நம் பெண்கள் சியாங் மாயில் தாய்லாந்தை அவர்கள் ஊரிலேயே 2-1 என்று வென்றார்கள். தகுதிச் சுற்று ஆடி ஜெயித்து ஆசியக் கோப்பைக்குப் போனது அதுதான் முதல்முறை. மறுநாள் நான் வாங்கிய பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பெட்டிச் செய்தி. என்னிடம் ஆட வரும் பெண் பிள்ளைகளுக்கு அதை வெட்டிக் கொண்டுபோய்க் காட்டினேன். தோற்றிருந்தால் முதல் பக்கத்தில் வந்திருக்குமா என்று ஒருத்தி கேட்டாள்.

சேத்ரி 2018-லேயே இதைக் கேட்டார். ஜூன் 1, மும்பை. சீன தைபேயை, அதாவது தைவானை, 5-0 என்று வென்றோம், அவருக்கு மூன்று கோல். பார்க்க வந்தவர்கள் இரண்டாயிரத்து ஐநூறு சொச்சம். மறுநாள் சமூக ஊடகத்தில் ஒரு வீடியோ போட்டார். எங்களைத் திட்டுங்கள், குறை சொல்லுங்கள், ஆனால் மைதானத்துக்கு வந்து எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று கெஞ்சினார். நாட்டின் கேப்டன் கெஞ்சினார், ஐயா. ஜூன் 4-இல் கென்யாவோடு ஆட்டம், அவருக்கு நூறாவது மேட்ச். டிக்கெட் மொத்தமும் தீர்ந்துவிட்டது. மழை கொட்டி மைதானத்தில் தண்ணீர் நின்றது, பந்து உருளவே மறுத்தது. அந்தச் சேற்றிலும் 3-0. இரண்டு கோல் சேத்ரி, ஒன்று நம் சென்னையின் எஃப்சிக்கு ஆடிய ஜெஜே.

மணி அடித்துவிட்டீர்கள். அன்றைக்கு அந்த மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் என்ன திட்டினாலும் அணி கேட்டுக்கொள்ளும். நன்றி, வணக்கம்.